நெட்வொர்க் பாடத்தில் சறுக்கினால் துறையை மாற்ற வேண்டுமா?

அம்மா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் நெட்வொர்க் தேர்வில் மதிப்பெண் குறைந்ததோடு, "இந்தப் பழைய ஈதர்நெட்டை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். (ஈதர்நெட் என்பது கணினிகளைக் கேபிளால் இணைத்துப் பேசவைக்கும் முறை.) துறையை மாற்றலாமா என்று கவலைப்படுகிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

தம்பி சொல்வதில் பாதி சரி. இன்று கணினிகளை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சில் ஒவ்வொரு கணினிக்கும் தனி கேபிள், அனுப்பவும் பெறவும் தனி வழி. அங்கே தரவுகளுக்குள் மோதலே கிடையாது. 1973இல் ஈதர்நெட் உருவானபோதோ எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கேபிள்தான். ஒவ்வொரு கணினியும் வழி காலியா என்று கேட்டுவிட்டு அனுப்பும். இரண்டு கணினிகள் அனுப்பியவை மோதினால் இரண்டும் நிறுத்தும். ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிட்டுவிடும்.

இதைத் தம்பி மனப்பாடம் செய்திருப்பார். ஏன் ஒரு தடவைக்குக் குறைந்தது 64 பைட் அளவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தால், மோதிய சேதி திரும்பி வருமுன்பே அனுப்பி முடித்திருக்கும், மோதியதே தெரியாது. அந்த 'ஏன்' பிடிபட்டால் பாடம் பிடிபட்டுவிடும்.

உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கிலேயே இது தினமும் நடக்கிறது. வைஃபைக்குக் காற்றுதான் பொதுவழி. தான் அனுப்பும்போது மற்றவர் குரல் அதற்குக் கேட்காது, அதனால் மோதலைக் கண்டுபிடிப்பதைவிடத் தவிர்க்கப் பார்க்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாதவை என்று வழக்கமாகத் தேர்வது 1, 6, 11 ஆகிய சேனல்களை (அலைவரிசையின் பிரிவுகளை). அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று தம்பி போனிலேயே பார்க்கட்டும்.

அப்புறம், கல்லூரி லேபில் ஒரு வேலை. இரண்டு ஸ்விட்சுகளை 100 மெகாபிட் வேகத்தில் இணைத்து, ஒரு முனையை ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று கட்டாயப்படுத்தி, மறுமுனையைத் தானாகத் தேர்ந்துகொள்ளும் ஆட்டோவில் விடட்டும். ஆட்டோவில் விட்ட முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) இறங்கிவிடும், அதனால் மோதல் மறுபடி வரும். சின்னச் சோதனைச் சேதியான பிங் நன்றாகப் போகும், பெரிய ஃபைல் மட்டும் ஊர்ந்து போகும். 'லேட் கொலிஷன்' (தாமதமாகத் தெரியவரும் மோதல்) எண்ணிக்கை ஏறுவதைத் திரையில் பார்க்கலாம். அலுவலகங்களில் "நெட் ஸ்லோ" என்று வரும் புகாரைத் துப்புத் துலக்குவது இப்படித்தான். வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவதும் இந்தத் திறமையைத்தான்.

இதையெல்லாம் செய்த பிறகும் சலிப்புத் தட்டினால், மென்பொருள் பக்கம் போவதைப் பற்றிக் கல்லூரி ஆலோசகரிடம் பேசலாம். தம்பியையும் உடன் அழைத்துப் போங்கள். பேச்சை அவரே தொடங்கட்டும்.