மார்ஷல் உரையில் அணிகளைத் தேடாதீர்கள்

கேள்வி: முதுகலை ஆங்கிலம் படிக்கிறேன். 1947 மார்ஷல் உரையின் சொல்திறம் பற்றி அசைன்மென்ட் எழுத வேண்டும். கடையில் வாங்கிய நோட்ஸில் பன்னிரண்டு அணிகள் என்று போட்டிருக்கிறது. எனக்கு இரண்டுகூடத் தேறவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா?

பதில்: உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது. நோட்ஸ் போட்டவர்தான் உரையைப் படிக்கவில்லை.

ஜூன் 5, ஹார்வர்டில் பட்டமளிப்பு விழா. இரண்டாம் உலகப் போரில் நொடித்த ஐரோப்பா மீள அமெரிக்கா உதவ வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் பேசியது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். மூன்று மாதம் முன்பு கிரீஸுக்கும் துருக்கிக்கும் பணம் கேட்ட அமெரிக்க அதிபர் ட்ரூமன், உலகத்தையே இரண்டாகப் பிரித்துப் பயமுறுத்தியிருந்தார். மார்ஷல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தத் தாழ்ந்த குரல்தான் அவருடைய உத்தி.

உழவர் வரும் பத்தியைப் பாருங்கள். விளைச்சலை விற்று வாங்க நகரத்தில் பொருள் இல்லை. கையில் வரும் காசால் பயனில்லை. அதனால் வயலை மேய்ச்சலுக்கு விடுகிறார், தானியத்தை மாட்டுக்குப் போடுகிறார். தன் வீட்டுக்குச் சாப்பாடு இருக்கிறது, துணிமணிதான் இல்லை. நகரமோ பட்டினி. ஐரோப்பியப் பொருளாதாரம் முழுவதையும் ஒரு வயலில் காட்டிவிட்டார். இதற்கு என்ன அணி என்று பெயர் வைப்பீர்கள்?

அப்புறம், எங்கள் கொள்கை எந்த நாட்டுக்கும் கோட்பாட்டுக்கும் எதிரானதல்ல. பசி, வறுமை, விரக்தி, குழப்பம் இவற்றுக்கே எதிரானது என்கிறார். எல்லா நோட்ஸும் இதோடு நிறுத்திவிடும். நீங்கள் நிறுத்தாதீர்கள். அதே பத்தியில், மற்ற நாடுகள் மீள்வதைத் தடுக்கும் அரசுக்கு உதவி கிடையாது என்கிறார். மக்களின் துயரத்தை நீட்டித்து ஆதாயம் தேடும் அரசு, கட்சி, குழு எதுவானாலும் அமெரிக்காவின் எதிர்ப்பைச் சந்திக்கும் என்கிறார். எந்த நாட்டுக்கும் எதிரல்ல என்றவர் யாரை மிரட்டுகிறார்? பெயர் சொல்லவில்லை, சொல்லாமலே மாஸ்கோவுக்குப் புரிந்தது. அடுத்த மாதமே சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டவ், இந்த உதவி பற்றிய பாரிஸ் பேச்சிலிருந்து வெளியேறினார். முரண்பாடு போலத் தெரியும் இந்த இடத்தைத்தான் நீங்கள் விரித்து எழுத வேண்டும்.

பெரிய பொறி ஒன்று. “1300 கோடி டாலர் அறிவித்தார்” என்று எழுதி வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். உரையில் தொகையே இல்லை. அது 1948-ல் இந்த உதவிக்குச் சட்டம் வந்து, நான்கு ஆண்டுகளில் செலவான கணக்கு. தொகையைச் சொல்லாததும் ஓர் உத்திதான். முன்முயற்சி ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்று பந்தை அங்கே தள்ளிவிட்டார். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பெவின் உடனே பிடித்துக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடையில் ஐம்பது ரூபாய்க்குத் தயாராகக் கிடைக்கும் அசைன்மென்ட்டை மட்டும் தொடாதீர்கள். ஒரே தவறு நாற்பது பேர் தாளிலும் வரும். உரை சில பக்கம்தான், வாய்விட்டுப் படியுங்கள்.

ஆனால் உங்கள் துறையில் ‘குறைந்தது ஐந்து அணிகள்’ என்று மதிப்பெண் பிரித்திருப்பார்கள், எனக்குத் தெரியும். பேச்சை எண்ணிப் பார்க்கச் சொல்லும் அந்த ஏற்பாட்டை மாற்ற நம்மால் ஆகாது. உதவி நோவைத் தணிக்கும் மருந்தாக இல்லாமல் குணப்படுத்தும் மருந்தாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லும் இடத்தை உருவகம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். மீதித் தாளை உழவருக்குக் கொடுங்கள்.