மேசைப் போர்க்களம்: வாசகர் கேள்வியும் மாஸ்டர் பதிலும்

மாஸ்டர், வார்ஹாமர் என்ற பொம்மைப்படை ஆட்டத்தில் நான் எல்ஃப் இனப் படை, என் பெரியம்மா மகன் ஓர்க் இனப் படை. பெரிய அம்பு எய்யும் என் இரண்டு வளைவிற்பொறிகளையும் இரண்டு மூலைக் குன்றுகளில் வைத்து, ஒவ்வொரு சுற்றும் அவனுடைய பெரிய ஓர்க் கூட்டத்துக்கு எய்கிறேன். ஆட்டம் முடிய எண்ணினால் ஒவ்வொன்றும் நாலைந்து பேரைத்தான் விழுத்தியிருக்கும். படையில் சேர்க்கக் கொடுத்த புள்ளிக்கு இது நட்டம்தானே? - கல்லூரி மாணவன், உப்புவெளி

தம்பி, நாலைந்து என்று எழுதியிருக்கிறாய். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நீ விளையாடும் பழைய விதியில் பொறியின் வீச்சு 48 அங்குலம். பாதிக்கு மேற்பட்ட தூரத்தில் அம்பு தைக்க எல்ஃபுக்குப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், அதாவது இரண்டில் ஒன்று. தைத்த அம்பு உரம், அதாவது தாக்கும் வலு, 6 உடன் முதல் ஓர்க்கைத் துளைக்கும். அவன் செத்தால் உரம் 5 உடன் பின்வரிசைக்காரன், பிறகு 4, பிறகு 3. கவசம் உதவாது. நாலு வரிசைக் கூட்டத்தில் இதைப் பெருக்கிக் கூட்டினேன்: எய்யும் அம்பு ஒன்றுக்கு ஓர் ஓர்க்குக்கும் சற்றுக் குறைவு. ஆறு சுற்றுக்கு ஐந்து பேர். பகடையை ஏசாதே.

ஓர்க்கை எண்ணுவதை விடு. அவன் படையில் ஜயன்ட் என்ற இராட்சதன் பொம்மை இருக்கிறதா? அது சாய ஆறு காயம் வேண்டும். உன் பெரிய அம்பு துளைத்தால் ஒன்றிலிருந்து மூன்று காயம் வரை கொடுக்கும். இரண்டே அம்பில் அது சாயவும் கூடும், ஆறு அம்பிலும் சாயாமல் நிற்கவும் கூடும். இது உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் புள்ளி கொடுத்திருக்கிறாய்.

போன மாரியில் மின்சாரம் நின்ற ஒரு பின்னேரம், விறாந்தையில் என் மச்சானோடு ஆடினேன். ஆள் வள்ளம் வைத்திருப்பவர். கடலில் பயமில்லை, மேசையில் மகா பயம். என் ஒரே வளைவிற்பொறி அன்று ஓர்க்குகளின் சின்னக் கூட்டாளியான ஒரு கோப்லினைக்கூடக் கொல்லவில்லை. ஆனால் முதல் அம்பு ஜயன்டின் காதோரம் போனதும் மனுசன் அதைக் காட்டுக்குப் பின்னால் சுற்றி நடத்தத் தொடங்கிவிட்டார். அது வெளியே வந்தபோது ஐந்தாம் சுற்று. நடுக்களத்தில் எல்லாம் முடிந்து, உள்ளேயிருந்து தேத்தண்ணீரும் வந்துவிட்டது.

இனி மூலைக்கு வருவோம். தூரம் கிடைக்கும், உண்மை. ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் இரண்டே எல்ஃப்தான் காவல். ஓநாய் மேல் வரும் கோப்லின் ஒன்பது அங்குலம் நடக்கும், பாய்ந்தால் பதினெட்டு. மூலையில் தனியே நிற்பதைத் தின்றுவிட்டு மற்ற மூலைக்குப் போகும். நம் திருகோணமலை ஒஸ்டன்பேர்க் கோட்டையை நினைத்துப் பார். உள்துறைமுகத்தின் வாயைக் காக்க ஒல்லாந்தர் மேட்டில் கட்டியது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தது தரைவழியே ஏறித்தான். உன் பொறிகளை நடுவுக்குச் சற்று ஒதுக்கி, ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளியில் வை. இடையில் பத்து ஈட்டிக்காரர். இரண்டின் அம்பும் குறுக்கே வெட்டும் இடம் எதுவோ, அந்த வழியால் அவன் ஜயன்ட் வராது. வராத வழியை நீ காக்கத் தேவையில்லை. அங்கே நிற்க வேண்டிய ஆட்களை மற்றப் பக்கம் அனுப்பு.

"வளைவிற்பொறி" நீங்களாகக் கட்டிய சொல்லா? - நிலாவெளி வாசகி

இல்லைப் பிள்ளை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும் இடத்தில் வருகிறது; வளைந்து தானே அம்பு எய்யும் பொறி என்று உரைகாரர் விளக்குவார்கள். ஆயத்தமாக ஒரு சொல் இருக்க "போல்ட் த்ரோவர்" என்று நாக்கை ஏன் முறிக்க வேண்டும்?

எல்ஃப் பொறியால் ஒரு சுற்றில் ஒரு பெரிய அம்பு அல்லது ஆறு சிறிய அம்பு எய்யலாம். எது நல்லது? - தம்பலகாமம் வாசகர்

கோப்லின் கூட்டத்துக்கு ஆறு. தூரத்தில் எய்தாலும் மூன்று தைக்கும், இரண்டு சாகும். பெரிய அம்போ சராசரியாக ஒரு கோப்லினுக்குச் சற்று மேலேதான் கொல்லும். இரும்பு போர்த்த குதிரைவீரருக்கும் பெரிய விலங்குக்கும் ஒன்று. சந்தேகம் வந்தால் எதிரி எதை இழக்க மனமில்லாமல் அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அதற்குப் பெரிய அம்பு.

மகனுக்காக ஒரு வளைவிற்பொறி செய்கிறேன். வாங்கிய பொம்மை விலை கட்டாது. வில்லுக்கும் நாணுக்கும் எதைப் பாவிக்கலாம்? - ஓர்ஸ் ஹில் தாய்

அம்மா, உடைந்த குடை வீட்டில் இருக்கும். அதன் கம்பியில் நாலு அங்குலம் வெட்டி, வளைத்து, உடனே பெயின்ற் அடித்துவிடுங்கள். இந்த உப்புக்காற்றில் ஒரு மாதம் போதும், துரு பிடிக்க. நாணுக்குத் தையல் நூல் வேண்டாம், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். மீன் பிடிக்கும் தங்கூசி நல்லது. சட்டத்துக்கு ஐஸ்கிறீம் குச்சி, அம்புக்குப் பல்குத்தி.

உண்மைப் பொறிக்காரருக்கும் ஈரம் பெரிய தலையிடிதான். பழைய கிரேக்க, உரோமப் பெரும் விற்கள் பல விசை எடுத்தது வில்லின் தடியில் அல்ல, முறுக்கிய நரம்பிலும் மயிரிலும். நனைந்தால் அது சோரும். கார்த்தேஜை உரோமர் முற்றுகையிட்டபோது அந்த ஊர்ப் பெண்கள் பொறிக்கயிற்றுக்குத் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். லியனார்டோ டா வின்சி வரைந்த பெரும் வில்லின் அகலம் ஏறத்தாழ 25 மீற்றர். அதைச் செய்யச் சொல்லி மகன் கேட்டால் முற்றத்தைக் காட்டிச் சமாளியுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். பொறியைப் பலகையில் ஒட்டலாம், பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆட்களை ஒட்டாதீர்கள். ஆட்டத்தில் அவர்களைத்தான் முதலில் எடுக்க நேரும். ஆளுக்கொரு சோடாப் போத்தல் மூடியில் நிறுத்தினால் போதும்.