படத்துக்குப் பணம் கொடுத்தது யார்? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பாஸ்டனில் பிரிகாம் மருத்துவமனையின் அரங்கில் மாட்டியிருந்த பழைய மருத்துவர்களின் 31 உருவப்படங்களை 2018-ல் கழற்றி, வேறு இடங்களுக்கு மாற்றிவிட்டார்களாம். 30 பேர் வெள்ளைக்கார ஆண்கள், ஒருவர் சீன வம்சாவளியினர் என்பதுதான் காரணம். சாதித்தவர்களின் படத்தைச் சாதித்தவர்கள் என்பதற்காகத்தானே மாட்டினார்கள்? எனக்கு இது வரலாற்றை அழிக்கிற வேலையாகவே படுகிறது. உங்கள் கருத்து?

கே. ஆர்.

அன்புள்ள கே. ஆர்.,

அவர்கள் சாதித்தவர்கள்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் மருத்துவக் கல்லூரிச் சுவரில் ஏறச் சாதனை மட்டும் போதாது. ஓவியருக்குப் பணம் கொடுக்க ஒருவர் வேண்டும், மாட்ட இடம் தர ஒருவர் வேண்டும். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

அங்கே புகழ்பெற்ற படம், ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த ‘நான்கு மருத்துவர்கள்’. கல்லூரியின் முதல் பேராசிரியர்களான வெல்ச், ஹால்ஸ்டெட், ஆஸ்லர், கெல்லி நால்வரும் அங்கி போட்டு, பின்னால் பிரம்மாண்டமான ஒரு பூகோள உருண்டையோடு இருப்பார்கள். உங்கள் கணக்குப்படி இது சுத்தமான ஆண்கள் படம். ஆனால் வரையச் சொல்லிக் காசு கொடுத்தவர் மேரி எலிசபெத் காரெட் என்ற பெண்மணி. கல்லூரி தொடங்கப் பணமில்லாமல் தவித்தபோது மூன்று லட்சம் டாலருக்கு மேல் தந்தவரும் அவர்தான். ஆண்களுக்குள்ள அதே விதிப்படி பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. 1893-ல் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பிலேயே பெண்கள் இருந்தார்கள். சேர்க்கைத் தகுதியையும் அவர் கடுமையாக வைத்தார். நல்லவேளை பேராசிரியராக வந்தோம், மாணவராக நமக்கு இடம் கிடைத்திருக்காது என்று ஆஸ்லர் வெல்ச்சிடம் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

அடுத்தது விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் 1930 வாக்கில் வங்கி திவாலானதில் போய்விட்டது. அறுவை மருத்துவர் ஆல்ஃப்ரெட் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆய்வு வேலையைச் செய்தாலும், அப்போது இருவரும் இருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர். பிறகு இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்தார்கள். உடம்பு நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளின் இதயக் கோளாறுக்கு, கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை நாய்களிடம் செய்து செய்து பார்த்துப் பக்குவப்படுத்தியது அவர் கை. 1944 நவம்பர் 29-ல் முதல் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்று, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த அறுவைக்கு அப்போது வைத்த பெயரில் தாமஸ் இல்லை.

அவர் படம் 1971-ல் வந்தது. ஏற்பாடு செய்தது அவரிடம் தொழில் கற்று, பிறகு பெரிய பெரிய அறுவை மருத்துவர்களான பழைய மாணவர்கள். பிளாலாக்கின் படம் இருக்கும் இடத்திலேயே அதையும் மாட்டினார்கள். (பரிசோதனையில் பிழைத்த அன்னா என்ற நாய்க்கும் அங்கே ஓவியம் உண்டு. சிரிக்காதீர்கள்.)

அந்த அறுவைக்கு யோசனை தந்தவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டவுசிக். காது சரியாகக் கேட்காததால் குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத் துடிப்பைப் படித்தவர். 1963-ல் அவர் மாணவர்கள் ஜேமி வையத் என்ற இளைஞரிடம் படம் வரையச் சொன்னார்கள். வந்ததோ கூர்மையான, கலைந்த, விட்டுக்கொடுக்காத ஒரு முகம். யாருக்கும் பிடிக்கவில்லை. பல பத்தாண்டுகள் அது சுவர் ஏறவேயில்லை. என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் நல்ல ஓவியம்.

இனி பாஸ்டன். படங்களை அவர்கள் எரிக்கவில்லை, மருத்துவமனைக்குள்ளேயே வேறு இடங்களில் வைத்தார்கள். அதனால் அழிப்பு என்ற சொல் எனக்கு அதிகமாகப் படுகிறது. மாணவர்கள் தினம் உட்காரும் அரங்கில் முப்பத்தொரு முகம் ஒன்றாக நின்றால் அது வரலாறாகத் தெரியாது, நுழைவுச் சீட்டுக்கான விதியாகத்தான் தெரியும். மாற்றியது சரி. ஆனால் போன இடத்திலாவது ஒவ்வொரு படத்தின் கீழும் வரையச் சொன்னவர், பணம் தந்தவர், ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்தவர் பெயர்களை எழுதிவைக்கலாம். அதைச் செய்யாமல் இடத்தை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்.