பிட்ஸ்பர்கிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை: காட்டிலும் ஆற்றங்கரையிலும் கிராவல் (சரளைப் பாதை) சைக்கிள் பயணம் – கேள்வி பதில்

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை 150 மைல் செல்லும் கிரேட் அலெகெனி பாஸேஜ் (சுருக்கமாக கேப்), அங்கிருந்து வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் வரை பொட்டோமாக் ஆற்றை ஒட்டி 184.5 மைல் செல்லும் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஓஹையோ) கால்வாய்க் கரைப்பாதை ஆகிய இரண்டையும் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, இப்பாதைகளில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டிவரும் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (வர்ஜீனியாவிலிருந்து): என்னிடம் 28 மி.மீ. டயர் போட்ட ரோடு சைக்கிள் இருக்கிறது. அதிலேயே முழுப் பயணத்தையும் முடித்துவிட முடியுமா?

கேப் பாதையில் மட்டும் என்றால், மெதுவாகச் சென்று முடித்துவிடலாம். அது பழைய ரயில் தடத்தின் மேல் பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கிய பாதை. மழை பெய்தாலும் நீர் வடிந்து சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். கரைப்பாதை அப்படியல்ல. கால்வாய்ப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் சென்ற மண் கரை அது. மேற்பரப்பைப் புதுப்பித்த பகுதிகள் இருந்தாலும், மற்ற இடங்களில் களிமண், மரவேர், பிதுங்கிய கற்கள், குட்டைபோல் நீர் தேங்கும் பள்ளங்கள் எல்லாம் உண்டு. 40 மி.மீ. அளவுக்குக் குறையாத டயரும், அதில் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்த காற்றும் வேண்டும் என்பது என் கருத்து. மட்கார்டு போடுவதானால் டயருக்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். இல்லையேல் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும்.

இரண்டையும் சேர்த்து ஒரே பாதையாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் திட்டமிடும்போது அவற்றை இரண்டு தனிப் பயணங்களாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கேப் பாதையில் நாளொன்றுக்கு 50 மைல் இயல்பாகச் செல்பவர், மழைக்குப் பிந்தைய கரைப்பாதையில் அதே உழைப்புக்கு 35 மைல் சென்றால் அதுவே நல்ல கணக்கு. ஹான்காக் ஊரை ஒட்டிச் சேறு மிகுந்திருந்தால், கால்வாய்க்கு இணையாகவே செல்லும் வெஸ்டர்ன் மேரிலாந்து ரெயில் டிரெயில் என்ற தார்ப்பாதைக்கு ஏறிவிடலாம். சுமார் 28 மைல் நீளமுள்ள அந்தப் பாதையை, கரைப்பாதையிலேயே போக வேண்டும் என்ற வீம்பால் தவிர்ப்பவர்களை எனக்குப் புரிவதில்லை.

கேள்வி (பிட்ஸ்பர்கிலிருந்து): எந்தத் திசையில் போவது எளிது?

பிட்ஸ்பர்கிலிருந்து தொடங்குவதே எளிது. கேப் பாதையின் உச்சி, மையர்ஸ்டேல் ஊரைத் தாண்டி 2,392 அடி உயரத்தில் இருக்கும் கிழக்கு நீர்ப்பிரிமேடு ஆகும். அதன் மேற்கே விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், கிழக்கே விழுவது பொட்டோமாக் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்கும் போய்ச் சேர்கின்றன. பிட்ஸ்பர்கிலிருந்து வந்தால் அந்த உயரத்தைச் சுமார் 126 மைல் தூரத்தில் கால்கள் உணராதபடி ஏறிவிடுகிறீர்கள். பிறகு கம்பர்லேண்ட் வரையிலான ஏறத்தாழ 24 மைல் முழுவதும் இறக்கம். எதிர்த்திசையில் வருபவர்கள் அந்த 24 மைலையும் சுமையோடு ஏற வேண்டும்; நூறு அடிக்கு ஒன்றரை அடி வீதமே உயர்வதால் செங்குத்து என்று சொல்ல முடியாது, ஆனால் இடையில் ஓய்வே தராத ஏற்றம். கம்பர்லேண்டிலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை ஓடும் சுற்றுலா ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அதில் 16 மைலைக் கடப்பவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து): விடுமுறை டிசம்பர் இறுதியில்தான் கிடைக்கிறது. அப்போது போகலாமா? குகைப்பாதைகளில் வெளிச்சம் இருக்குமா?

முழுப் பயணத்துக்கு அது ஏற்ற காலம் அல்ல. நீர்ப்பிரிமேட்டை அடுத்துள்ள 3,294 அடி நீளமான பிக் சாவேஜ் குகைப்பாதை, உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளக்காமல் இருப்பதற்காகக் குளிர்காலத்தில் கதவிட்டு மூடப்படுகிறது. வழக்கமாக டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூடியிருக்கும். சுற்றிச் செல்லும் சாலைகள் மலையின் மேலே ஏறி இறங்குபவை. பனிக்காலத்தில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பராமரிப்புப் பணிக்காகவும் மூடுவதுண்டு என்பதால், எந்தப் பருவமானாலும் புறப்படும் முன் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிக் சாவேஜில் விளக்குகள் உண்டு. கரைப்பாதையில் உள்ள 3,118 அடி நீளமான பா பா குகைப்பாதையில் ஒரு விளக்கும் இல்லை. ஒரு பக்கம் கால்வாய் நீர், மறுபக்கம் செங்கல் சுவர், நடுவே குழிவிழுந்த குறுகிய நடைவழி. நல்ல முன்விளக்கை எரியவிட்டு, இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்து செல்லுங்கள்.

கேள்வி (மேரிலாந்திலிருந்து): வழியெல்லாம் பாதி இடிந்த கல் கட்டுமானங்கள் தென்படுகின்றன. அவை என்ன?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வாஷிங்டனை ஓஹையோ ஆற்றோடு நீர்வழியில் இணைக்கும் நோக்கத்துடன் 1828 ஜூலை 4 அன்று இந்தக் கால்வாய்க்கு முதல் மண் வெட்டப்பட்டது. அதே நாளில் பால்டிமோரில் அதற்குப் போட்டியான ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாய் 1850-இல் கம்பர்லேண்டை எட்டியபோது ரயில் அங்கே வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓஹையோ வரை செல்லும் எண்ணம் அத்தோடு கைவிடப்பட்டது. நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை படகுகளை ஏற்றி இறக்கிய 74 நீர்ப்பூட்டுகளும், குறுக்கிட்ட ஓடைகளின் மேல் கால்வாயையே தூக்கிச் சென்ற 11 தொட்டிப்பாலங்களும் ஆகும். நம் மாத்தூர்த் தொட்டிப்பாலம் பாசன நீரைக் கொண்டு போவது. இவை படகு மிதக்கும் கால்வாயையே கொண்டுபோனவை. ஏழு வளைவுகளோடு 516 அடி நீளத்தில் நிற்கும் மொனோகசி தொட்டிப்பாலத்தில் இறங்கிக் கால் மணி நேரமாவது செலவிடுங்கள்.

1924 வெள்ளத்துக்குப் பிறகு படகுகள் நின்றன. பின்னர் கால்வாயின் மேல் கார் சாலை போடும் திட்டம் எழுந்தபோது, அதை எதிர்த்த உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் பத்திரிகையாளர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கரை முழுதும் நடந்தார். 1971-இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. அந்த நடை இல்லாதிருந்தால் இன்று நமக்கு இங்கே ஒரு நெடுஞ்சாலைதான் கிடைத்திருக்கும்.

கேள்வி (டெலவேரிலிருந்து): இரவு தங்குவதும் குடிநீரும் எப்படி? சைவ உணவு கிடைக்குமா?

கரைப்பாதையில் சில மைல்களுக்கு ஒன்றாக இலவச முகாம்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு கழிப்பறை, மேசை, கைப்பம்பு இருக்கும். ஒரே முகாமில் ஓர் இரவுதான் தங்கலாம். பம்பு நீரில் அயோடின் கலந்திருப்பதால் சுவை பிடிக்காமல் போகலாம். சில பம்புகள் பழுதாகியும் கிடக்கும். குளிர்மாதங்களில் எல்லாமே நிறுத்தப்படும். ஆகவே அடுத்த பம்பை நம்பாமல், அதற்கும் அடுத்ததுவரை போதுமான நீரைச் சுமந்து செல்லுங்கள். கேப் பாதையில் முகாம்கள் பெரும்பாலும் ஊர்களை ஒட்டியே இருக்கும்; சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு.

சைவம் என்றால் சிற்றூர்களில் பீட்சாவும் வறுத்த உருளைக்கிழங்கும்தான். புளிக்காய்ச்சலும் ரவை உப்புமா கலவையும் எடுத்துச் செல்வது நல்லது.

கேள்வி (வாஷிங்டனிலிருந்து): தட்டையான பாதை சலித்துவிட்டது. உண்மையான கிராவல் சாலைகள் அருகில் உண்டா?

கிரீன் ரிட்ஜ் மாநிலக் காட்டுக்குச் செல்லுங்கள். பா பா குகைப்பாதைக்கும் லிட்டில் ஆர்லியன்ஸ் ஊருக்கும் இடைப்பட்ட கால்வாய்ப் பகுதியிலிருந்தே அதன் மண் சாலைகளில் ஏறிவிடலாம். ஓக், ஹிக்கரி மரங்கள் அடர்ந்த மலைமுதுகுகள். ஏற்றங்கள் குட்டையானாலும் மூச்சு வாங்க வைப்பவை. முன்புறம் சிறிய பல்சக்கரம் இல்லாமல் போகாதீர்கள். பொட்டோமாக்கின் வளைவுகளை மேலிருந்து பார்க்கும் இடங்களும் உண்டு. இங்கே வேட்டைக்கு அனுமதி இருப்பதால், நவம்பர் இறுதியில் மான் வேட்டை நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இலையுதிர்காலம் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை அணியுங்கள். கைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள்.

கேள்வி (ஓஹையோவிலிருந்து): கரடி, பாம்பு பற்றிய பயம் என் மனைவிக்கு இருக்கிறது.

கருங்கரடிகள் உண்டு, உணவைக் கூடாரத்தில் வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் தொல்லை தராது. காப்பர்ஹெட் என்ற நச்சுப் பாம்பும் உண்டு. விறகுக் குவியலிலும் கல் இடுக்கிலும் கையை விடாதீர்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது உண்ணியைத்தான். லைம் நோயைப் பரப்பும் அதன் இளம்பருவம் கசகசா அளவே இருக்கும். மே முதல் ஜூலை வரை மிகுதி. மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஆகியவற்றைத் தேடிப் பார்த்து, ஒட்டியிருந்தால் கூர் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிவிடுங்கள். ஒரே காம்பில் மூன்று இலைகள் விட்டிருக்கும் பாய்சன் ஐவியையும் வீட்டாருக்குக் காட்டிக்கொடுங்கள். தொட்டால் கொப்புளம் எழும்.

கேள்வி (வர்ஜீனியாவிலிருந்து): முடித்த பிறகு காருக்குத் திரும்புவது எப்படி?

வாஷிங்டனுக்கும் பிட்ஸ்பர்குக்கும் இடையே ஓடும் ஆம்ட்ராக் ரயில் ஹார்பர்ஸ் ஃபெரி, கம்பர்லேண்ட், கான்னெல்ஸ்வில் ஆகிய ஊர்களிலும் நிற்கிறது. சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும். இடங்கள் குறைவு என்பதால் அக்டோபர் மாத வார இறுதிகளுக்கு வெகு முன்னரே பதிவு செய்துவிடுங்கள். பிட்ஸ்பர்கை நள்ளிரவு வேளையில்தான் அடையும். வாஷிங்டன் பக்கத்தில் இருப்பவர்கள் காரை வீட்டிலேயே விட்டு, முதலில் ரயிலில் பிட்ஸ்பர்க் சென்று, வீடு நோக்கிச் சைக்கிளில் வருவதே சிறந்தது. அப்போது ரயில் நேரத்துக்காகக் கடைசி நாளில் விரட்டி ஓட்ட வேண்டியிருக்காது.

கேள்வி (பென்சில்வேனியாவிலிருந்து): பத்து வயது மகளோடு ஒரே நாளில் பார்க்க எந்தப் பகுதி?

கன்ஃபுளுயன்ஸ் முதல் ஒஹையோபைல் வரையிலான சுமார் 10 மைல். கேசல்மன் ஆறும் லாரல் ஹில் ஓடையும் யாக்கிகேனி ஆற்றில் வந்து சேரும் கன்ஃபுளுயன்ஸ் ஊரிலிருந்து புறப்பட்டு, முழுவதும் மர நிழலில், ஆற்றை விட்டு விலகாமல், லேசான இறக்கத்தில் போகலாம். ஒஹையோபைலில் அருவியும் உயர்ந்த பாலங்களும் இருக்கின்றன. வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து கான்னெல்ஸ்வில் வரையிலான 17 மைலில் கடை எதுவும் இல்லாததால், குழந்தையோடு அந்தப் பக்கம் தொடராமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.