இருவருமே புதிது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

புதிய ஊரில் பத்து நாளாகக் கதவு தட்டியும் யாரும் உள்ளே அழைக்கவில்லை என்று எழுதியிருக்கும் மார்மன் சபை மிஷனரிக்கு (மதப் பிரசாரகருக்கு) என் பதில் இது. கதவு தட்டுவதை இந்த வாரம் நிறுத்திவையுங்கள். முதலில் உங்கள் வார்டின், அதாவது உள்ளூர்ச் சபையின், தலைவரான பிஷப்பைப் பாருங்கள். உங்களோடு ஜோடியாக ஊழியம் செய்யும் தோழரும் நீங்களும் ஒரே நாளில் மாற்றலாகி வந்ததால், உங்களை ஊருக்கு அறிமுகப்படுத்த ஆளில்லை. பத்து நாளாக யாரும் உள்ளே அழைக்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும், உங்கள் குறையல்ல.

அடுத்து, போனிலுள்ள பகுதிப் பதிவேட்டில் (மிஷனரிகள் சந்தித்தவர்களின் பட்டியல்) கடைசி ஆறு வாரங்களில் மதப் பாடம் கேட்டவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். அவர்களில் மூன்று வீட்டுக்கு, அந்தத் தெருவிலேயே வசிக்கும் சபை உறுப்பினர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் எனக்கும் இதே நிலைதான். வாசலில் நின்று 'தாவோ போ' (வீட்டிலுள்ளவர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்) என்று நான் அழைத்தபோது திரைச்சீலைகூட அசையவில்லை. கூட வந்த பாட்டி அதையே அழைத்ததும் செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்றில் கவனம்: 'இனி வர வேண்டாம்' என்ற குறிப்பு இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

தூக்கமும் பசியும் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடுத்த மாற்றல்வரை தள்ளிப்போடாமல் உங்கள் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் இன்றே சொல்லுங்கள்.