டிரமடோலோடு நித்திரைக் குளிசையா?

டிரமடோல் என்னும் வலிநிவாரணியால் உங்கள் கணவரின் மூளை எண்டோர்பின் சுரப்பதை நிரந்தரமாக மறந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, மறந்துவிடவில்லை. காணொளியில் கேட்டதாக நீங்கள் எழுதியிருக்கும் ‘நிரந்தர அழிவு’ வெறும் பயமுறுத்தல். வலியைத் தணிக்கும் என்கெஃபலின், எண்டோர்பின், டைனோர்பின் ஆகியவற்றை உடல் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அவை நரம்புக் கலங்களில் சாவித்துளை போல இருக்கும் மியூ, டெல்டா, கப்பா என்னும் ஏற்பிகளில் பொருந்தி வேலை செய்கின்றன. முதுகுவலிக்கென்று வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கி எட்டு மாதமாக அவர் விழுங்கிவரும் டிரமடோல், ஈரலில் உருமாறி அதே மியூ ஏற்பிகளைத்தான் பிடிக்கிறது. நாள்தோறும் தூண்டப்படும் ஏற்பிகள் மெல்ல மெல்ல மந்தமாகிவிடுவதால்தான் இரண்டு குளிசை ஆறாகியிருக்கிறது. வேளை தப்பினால் வரும் கொட்டாவியும் மூக்கொழுகலும் உடல் அதற்குப் பழகிவிட்டதன் அடையாளங்கள். மருந்தைப் படிப்படியாகக் குறைத்தால் அவை அடங்கிவிடும். மலச்சிக்கலுக்கு மருந்து இருக்கிறது, அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான் முன்னால் எடுத்ததற்குக் காரணம், கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: நண்பர் கொடுத்த டயசிபாம் என்னும் நித்திரைக் குளிசையை இந்த வாரம் சேர்த்துப் போடத் தொடங்கியதிலிருந்து அவரது குறட்டை நின்று நின்று வருகிறது, உலுக்கினாலும் எளிதில் விழிப்பதில்லை. மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் மியூ ஏற்பிகள் இருக்கின்றன. டிரமடோலும் நித்திரைக் குளிசையும் சேர்ந்தால் மூச்சு அடங்கி உயிரே போகலாம். இன்றிரவு அந்த டயசிபாமைக் கொடுக்க வேண்டாம், மதுவும் கூடாது. அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, தேசிக்காய்த் தண்ணீர் பருக்கி நேரத்தை வீணாக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அதற்காக டிரமடோலை நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. நாளைக் காலையே, அவர் அலுமாரியில் ஒளித்து வைத்திருப்பவை உட்பட எல்லாக் குளிசை அட்டைகளோடும் அவரை வைத்தியசாலைக்கு அழைத்து வாருங்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைப்பது என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

எண்டோர்பின் ‘ஊட்டும்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் கூட்டுமாத்திரையை வாங்க வேண்டாம். 1975இல் அபர்டீனில் பன்றி மூளையிலிருந்து இனங்கண்ட என்கெஃபலின், புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் ஐந்தே சேர்ந்த சிறு கோவை. பெப்டைட்டுகள் எனப்படும் இத்தகைய கோவைகளை விழுங்கினால், பருப்பின் புரதத்தைப் போலவே அவையும் குடலில் செரித்துப்போகும். அந்தப் பணத்தில் பாதி போதும், வெள்ளவத்தையிலிருந்து வைத்தியசாலைக்கு ஓட்டோ பிடித்து வர.