ஷெட்டுக்கு பெர்மிட் வேண்டாம் என்றார்கள். இப்போது டவுன்ஷிப்பிலிருந்து கடிதம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இரண்டு வருடத்துக்கு முன் வீடு வாங்கினோம். 100க்கு 100 அடி மனை. போன வசந்தத்தில் பின்பக்கம் பேவர் கல் பதித்து 780 சதுர அடியில் பேட்டியோ போட்டோம். மூலையில் 10க்கு 12 அடியில் ஒரு ஷெட். “200 சதுர அடிக்குள் இருந்தால் பெர்மிட்டே வேண்டாம்” என்று ஷெட் விற்றவர் சொன்னார். போன வாரம் ஜோனிங் ஆபீசரிடமிருந்து (எந்த மனையில் எதை எங்கே கட்டலாம் என்ற ஊர் விதியைக் கவனிப்பவர்) கடிதம் வந்தது. ஷெட் எல்லையிலிருந்து 5 அடி தள்ளி இருக்க வேண்டுமாம், 3 அடியில்தான் இருக்கிறதாம். லாட் கவரேஜ், அதாவது மனையில் கட்டடமும் கல்தளமும் மூடும் பங்கு, 30 சதவீதம்தான் அனுமதி, எங்களுடையது 33.5 சதவீதமாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் சம்மன் வரும் என்கிறார்கள். ஜோனிங் போர்டு எங்களுக்கு அபராதம் போடுமா? இரண்டு வீடு தள்ளி இதைவிடப் பெரிய பேட்டியோ இருக்கிறதே? வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு, கேட்டால் கிடைக்குமா?

பதில்: முதலில் ஒரு பயத்தை விட்டுவிடுங்கள். ஜோனிங் போர்டு அபராதம் போடாது. அதற்கு அந்த அதிகாரமே இல்லை. விதிமீறலைக் கண்டுபிடிப்பது, கடிதம் அனுப்புவது, சம்மன் கொடுப்பது எல்லாம் ஜோனிங் ஆபீசரின் வேலை. அபராதம் விதிப்பது முனிசிபல் கோர்ட். இந்த இருவருக்கும் நடுவில், விதியிலிருந்து உங்களுக்கு விலக்கு கொடுக்கக்கூடிய இடம்தான் போர்டு. நம் ஆட்கள் பலர் அங்கே குற்றவாளிக் கூண்டில் ஏறுவதுபோல நடுங்கிக்கொண்டு வருகிறார்கள். மேடையில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரும் உங்கள் ஊர்க்காரர்கள்தான். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருகிறவர்கள்.

அடுத்து, ஷெட் விற்றவர் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். 200 சதுர அடிக்கும் 10 அடி உயரத்துக்கும் மிகாத தோட்ட ஷெட்டுக்கு இந்த மாநிலத்தில் கட்டுமான பெர்மிட் தேவையில்லை. ஆனால் கட்டுமான பெர்மிட் வேறு, ஜோனிங் பெர்மிட் வேறு. முன்னது மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி. கட்டடம் இடிந்து விழாமல் நிற்குமா என்று பார்ப்பது. பின்னது ஊருக்கு ஊர் மாறும். அந்தப் பொருள் அந்த இடத்தில் இருக்கலாமா என்று பார்ப்பது. மாநிலத்தில் 564 முனிசிபாலிட்டி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்டினன்ஸ், அதாவது ஊர்ச் சட்டம். பக்கத்து டவுன்ஷிப்பில் இருக்கும் நண்பருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஜோனிங் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் 10 வேலை நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். சரி, அது போனது போகட்டும்.

இப்போது உங்கள் கையில் இரண்டு கெடு இருக்கிறது. கடிதத்தில் இருக்கும் 30 நாள் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதைவிட முக்கியமான இன்னொன்று 20 நாள். ஆபீசர் கணக்குத் தப்பு, அல்லது அவர் விதியைப் படித்த விதம் தப்பு என்று நீங்கள் நினைத்தால், 20 நாளுக்குள் போர்டுக்கு அப்பீல் போட வேண்டும். அப்பீல் போட்டால் மேல் நடவடிக்கை அப்படியே நிற்கும். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்று ஆபீசர் எழுதிக் கொடுத்தால்தான் நிற்காது. உங்கள் ஷெட்டால் அப்படி ஒரு ஆபத்தும் இல்லை. நாளைக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணுங்கள், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து வேண்டாம்.

ஆனால் அப்பீல் போடும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா? அதற்கு அவர் கணக்கைப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய சர்வேயை (மனையின் அளவு வரைபடம்) வைத்து நான் போட்ட கணக்கு இது. வீடு தரையில் பிடித்திருக்கும் இடம் 1,500 சதுர அடி, டிரைவ்வே 800, நடைபாதை 150. ஆக, நீங்கள் எதுவும் செய்வதற்கு முன்பே 2,450. பேட்டியோ 780, ஷெட் 120 சேர்த்தால் 3,350. மனை 10,000 என்பதால் 33.5 சதவீதம். ஆபீசர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் ஊர் ஆர்டினன்ஸில் ‘லாட் கவரேஜ்’ என்பதற்கு என்ன வரையறை எழுதியிருக்கிறது என்பது. மழைநீரை உள்ளே விடும் பேவரை முழுதாகச் சேர்க்காத ஊர்கள் உண்டு. கல்லுக்கும் தார்ச்சாலைக்கும் வித்தியாசம் பார்க்காத ஊர்களும் உண்டு. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அப்பீலா, வேரியன்ஸா என்று முடிவு செய்யுங்கள். வேரியன்ஸ் என்பது ‘விதி சரி, எனக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்’ என்று கேட்பது. அதற்கு இந்த 20 நாள் கெடு கிடையாது.

ஷெட்டைப் பொறுத்தவரை என் யோசனை எளிது: நகர்த்திவிடுங்கள். சரளைக்கல் மேல்தானே நிற்கிறது? ஆள் வைத்து ஒரு காலையில் இரண்டடி இழுத்துவிடலாம். எல்லையை மட்டும் வேலியை வைத்து அளக்காதீர்கள். வேலி எல்லையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சர்வேயில் உள்ள கோடுதான் எல்லை. நகர்த்தியதும் போட்டோவோடு ஆபீசருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். இரண்டு மீறலில் ஒன்றைத் தானாகச் சரிசெய்த ஆள் என்ற பெயர் பின்னால் உதவும். பெரும்பாலான ஆபீசர்கள், வேரியன்ஸ் விண்ணப்பம் உள்ளே இருக்கும்வரை சம்மனை நிறுத்தி வைப்பார்கள். அது சட்டம் கொடுத்த உரிமை இல்லை, மரியாதைதான். அதனால் வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டியோவுக்கும் வேரியன்ஸ் தேவைதானா என்று ஒரு தடவை யோசியுங்கள். வரம்புக்கு மேல் இருப்பது 350 சதுர அடி. அவ்வளவு கல்லைப் பெயர்த்துப் புல் போட்டால் கதை முடிந்தது. போர்டுக்குப் போனால் விண்ணப்பக் கட்டணம் தனி, எஸ்க்ரோ, அதாவது முன்பணம், தனி. போர்டின் என்ஜினியரும் வக்கீலும் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் நேரத்துக்கு அந்த எஸ்க்ரோவிலிருந்துதான் சம்பளம். கல்லைப் பெயர்ப்பதைவிட இது அதிகமாகப் போன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

போராடுவது என்று முடிவெடுத்தால், வேரியன்ஸ் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான வகையை ‘சி’ வேரியன்ஸ் என்பார்கள். அதில் இரண்டு வழி. முதல் வழி, நிலத்துக்கு ஒரு கஷ்டம் இருக்க வேண்டும்: மனை ஒடுங்கலாக, கோணல்மாணலாக, பள்ளமாக, அல்லது ஏற்கெனவே முறைப்படி கட்டிய ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு. உங்கள் மனை சதுரமாகக் கேரம் போர்டுபோல இருக்கிறது. இந்த வழி அடைபட்டது. இரண்டாவது வழி, விதியை விலக்குவதால் வரும் நன்மை அதனால் வரும் கெடுதலைவிடக் கணிசமாக அதிகம் என்று காட்டுவது. எந்த வழியாக இருந்தாலும், பொது நலனுக்கும் ஊரின் ஜோனிங் திட்டத்துக்கும் பெரிய பாதிப்பு இல்லை என்றும் காட்ட வேண்டும்.

இங்கேதான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஒருவர் சத்தியம் செய்துவிட்டு மைக் முன்னால் சொன்னார்: “ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார்கள். புல்லில் நடந்தால் அம்மாவுக்குக் கால் தடுக்குகிறது.” மேடையில் எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். அப்புறம் போர்டின் என்ஜினியர் ஒரே கேள்வி கேட்டார்: “மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?” அவருக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. வேரியன்ஸ் நிலத்தோடு போகிறது. நீங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகும் அந்தப் பேட்டியோ அங்கேதான் இருக்கும். அதனால் அம்மாவின் முழங்கால் வலி அதற்குச் சட்டக் காரணம் ஆகாது.

உங்கள் பலம் தண்ணீரில்தான் இருக்கிறது. கவரேஜ் வரம்பு இருப்பதற்கு முக்கியக் காரணமே வெள்ளம். கூடுதலாக இருக்கும் 350 சதுர அடியிலிருந்து ஓடும் நீரையும், கூரையிலிருந்து வரும் கொஞ்சத்தையும் சேர்த்து ஒரு டிரைவெல்லில், அதாவது மண்ணுக்குள் புதைத்த கசிவுக்குழியில், இறக்குகிறேன் என்று என்ஜினியர் வரைந்த வரைபடத்தோடு போங்கள். ‘இப்போது பக்கத்து வீட்டுப் பக்கம் ஓடும் தண்ணீர் இனிமேல் குறையும்’ என்று அவர் வந்து சாட்சி சொல்லட்டும். அதுதான் நன்மை.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பேட்டியோவை வாதமாக வைக்காதீர்கள். அவர் விலக்கு வாங்கியிருக்கலாம், பழைய விதிப்படி போட்டிருக்கலாம், மாட்டாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கு அனுமதி ஆகாது. புகார் கொடுத்தது யார் என்று துப்பறியவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன்: விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே, உங்கள் மனையைச் சுற்றி 200 அடிக்குள் இருக்கும் எல்லா உரிமையாளர்களுக்கும் நீங்கள் நேரிலோ சான்றளிக்கப்பட்ட தபாலிலோ அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். சட்டப்படி பொது அறிவிப்பும் வெளியிட வேண்டும். பட்டியலை டவுன்ஷிப்பே கொடுக்கும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அன்றைய விசாரணை நடக்காது. புகார் கொடுத்தவரும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார், மைக் முன்னால் வந்து உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அதற்கு முன்பே ஒரு மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டி வரைபடத்தைக் காட்டுவது நல்லது. ஆதரவாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நேரில் வரட்டும். கையெழுத்து வாங்கிய கடிதத்தைப் பொதுவாகச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், கடிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே.

வக்கீல் கட்டாயமில்லை. வீடு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் நீங்களே பேசலாம். எல்எல்சி என்ற நிறுவனப் பெயரில் வாங்கியிருந்தால் வக்கீல் வைத்தே ஆக வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 120 நாளுக்குள் போர்டு முடிவு சொல்ல வேண்டும். உங்கள் வகை வேரியன்ஸுக்கு, அன்று வந்த போர்டு உறுப்பினர்களில் பெரும்பான்மை போதும். வீட்டில் கடை வைப்பது போன்ற பயன்பாட்டு மாற்றத்துக்குத்தான் ஐந்து ஓட்டு வேண்டும்.

அபராதம் பற்றியும் கேட்டீர்கள். ஊர் விதியை மீறினால் அதிகபட்சம் 2,000 டாலர். ஒவ்வொரு நாளையும் தனிக் குற்றமாக எண்ணும் ஆர்டினன்ஸ்கள் உண்டு, பயம் அங்கேதான். ஆனால் ஜோனிங் மீறலுக்கு 1,250 டாலருக்கு மேல் போட வேண்டுமானால், உரிமையாளருக்குச் சரிசெய்ய 30 நாளும் கோர்ட்டில் வாதிட வாய்ப்பும் முதலில் கொடுக்க வேண்டும்.

வேரியன்ஸ் கிடைத்த மாலையே டிரைவெல்லுக்குக் குழி வெட்டிவிடாதீர்கள். போர்டு அதை ரெசல்யூஷனாக, அதாவது தீர்மானமாக, எழுதி நிறைவேற்ற வேண்டும். அது பெரும்பாலும் அடுத்த கூட்டத்தில்தான் நடக்கும். அந்த முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் எதிர்ப்பவர் யாரும் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம். போர்டு மறுத்தால் உங்களுக்கும் அதே 45 நாள்தான். மறுத்த அதே விண்ணப்பத்தை மாற்றமில்லாமல் மறுபடி கொண்டுபோனால் கதவிலேயே திருப்பி அனுப்புவார்கள்.